வண்டி வழியில் நின்றால் யாரைக் கூப்பிடுவது

எங்கள் வீட்டுக்காரர் பாளையங்கோட்டையில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்தக் கார்தான், பழைய வெள்ளைக் கார். வெள்ளை என்பது வாங்கின அன்றைக்குச் சொன்னது. தொண்ணூறுகளில் கையில் வைத்துப் பேசுகிற போன் எங்கள் பக்கம் யாரிடமும் கிடையாது. வண்டி வழியில் நின்றுவிட்டால், போன் இருக்கிற கடை எங்கே என்று தேடி நடக்க வேண்டும். எங்கள் வண்டியால் அவர் நிறைய நடந்திருக்கிறார்.

முதலில் அவர் வேறு ஒரு வழி வைத்திருந்தார். என்ஜின் இருமத் தொடங்கினால் அடுத்த கோயில் வரைக்கும் எப்படியாவது உருட்டிக்கொண்டு போய் நிறுத்துவார். "சாமி கும்பிட்டுட்டுப் போவோம்" என்று சவாரி வந்தவர்களை இறக்கிவிடுவார். அவர்கள் சுற்றி வருவதற்குள் என்ஜின் மூடியைத் திறந்து எதையாவது தட்டுவார். ஆற்றங்கரை ரோட்டில் கொஞ்ச தூரத்துக்கு ஒரு பிள்ளையாரோ சுடலைமாடனோ இருப்பதால் பல வருஷம் இப்படியே ஓடியது. ரொம்ப பக்தியான டிரைவர் என்று அவருக்குப் பெயரும் வந்தது.

ஒரு தடவை சேரன்மகாதேவிக்குப் போன குடும்பம் ஐந்து கோயிலில் கும்பிட்டும் ஊர் போய்ச் சேரவில்லை. கடைசியில் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னார்: "ஏளா, இனி தட்டிப் பிரயோசனமில்ல. வழியில நின்னா வந்து பாக்கதுக்கு ஆளு ஏற்பாடு பண்ணணும். நம்ம பக்கம் மூணு பேரு இருக்காக. மூணு பேரையும் கொஞ்ச நாள் வச்சுப் பாத்து, எது தேவலைன்னு நீதான் சொல்லணும்."

நான் சொல்ல வேண்டியதற்குக் காரணம் உண்டு. அவர் நிற்கிற இடத்தில் கடைக்காரர்கள் ஒரு போனுக்கு மேல் பேச விட மாட்டார்கள். அந்த ஒரு போனை எங்கள் எதிர்வீட்டு மளிகைக்கடைக்குப் பண்ணுவார். கடை அண்ணாச்சி என்னைக் கூப்பிடுவார். நான் போய் விவரம் கேட்டு, வரவேண்டிய ஆளுக்குப் பேசி, வந்தானா வந்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். எனக்கோ அன்னிய ஆம்பிளைகளிடம் பேச்சு வராது. காய்க்காரரிடம்கூட காயைத் தொட்டுக் காட்டித்தான் வாங்குவேன். அதிலும் மளிகைக்கடையில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். போன் வேறு புளிப் பானைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில் இருந்தது.

காசு மூன்று பேருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் அதைப் பற்றி எழுதவில்லை.

முதல் ஏற்பாடு ஜங்ஷன் பக்கத்துப் பெரிய ஒர்க்‌ஷாப். வருஷத்துக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். முன்பக்கம், கூப்பிட்டால் வருவோம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பின்பக்கம், எப்போதெல்லாம் வரமாட்டோம் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. பின்பக்கத்தில் இடம் போதாமல் ஓரத்திலும் அச்சடித்திருந்தார்கள். போனை ஒரு பெண் எடுப்பாள். அட்டை நம்பர் கேட்பாள், என்ஜின் நம்பர் கேட்பாள். வாசித்தால் போதும். வேறு பேச்சே வேண்டாம். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

சீவலப்பேரி ரோட்டில் ஒருநாள் வண்டி நின்றது. அட்டையில் போட்ட எல்லையைத் தாண்டி நின்றுவிட்டதாம். "எல்லைக்குள்ள கொண்டுவரச் சொல்லுங்க மேடம், உடனே வந்துருவாங்க" என்றாள் அந்தப் பெண். இவரும் சவாரி வந்த மூன்று பேரும் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அங்கே மைல்கல் மேல் நீலச்சட்டை போட்ட இரண்டு பேர் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கை காட்டினார்களாம். கல்லைத் தொட்டதும் எழுந்து வந்து, ரெண்டே நிமிஷத்தில் சரி பண்ணிவிட்டு வணக்கம் சொல்லிப் போனார்களாம்.

இரண்டாவது ஏற்பாடு பைபாஸில் லாரி செட் வைத்திருந்த ஒருவர். அவரிடம் கொக்கி வைத்த கிரேன் லாரி இருந்தது. எல்லை கிடையாது. எங்கே நின்றாலும் வருவார். ஆனால் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். டயர் பஞ்சரா, தூக்கு. பெல்ட் அறுந்ததா, தூக்கு. ஒருநாள் பெட்ரோல் தீர்ந்து நின்றதற்கே முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்துப் படுத்த மாதிரி உள்ளே எங்கள் வீட்டுக்காரர். தெருவில் இருந்த அத்தனை பேரும் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது, செய்துங்கநல்லூரில் இருந்த ஒரு மெக்கானிக் மேஸ்திரி. அட்டை கிடையாது, லாரி கிடையாது. ஒரு மொபெட், ஒரு மஞ்சள் பை. முதல்தடவை போன் பண்ணினபோது அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"வண்டி நின்னுட்டு" என்றேன்.

"அது சரிக்கா. நிக்கதுக்கு முன்னால என்ன சத்தம் போட்டிச்சு?"

"அவுக செஞ்சு காட்டினாக."

"அப்ப நீங்க எனக்குச் செஞ்சு காட்டுங்க."

நான் சுற்றிப் பார்த்தேன். ஒருத்தி கால் கிலோ துவரம்பருப்புக்கு நின்றாள். ஒருவர் வெல்லத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "கடகட... கிர்ர்... டொக்" என்றேன். வெல்லத்தை முகர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"டொக்குக்குப் பொறவு ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்ல."

"சரி, பெல்ட்டு எடுத்துட்டு வாறேன்" என்றார். பெல்ட்டேதான்.

நான் அவமானத்தில் ரெண்டு நாள் கடைப்பக்கம் போகவில்லை. போனதும் அண்ணாச்சி, "யக்கா, எங்க மாவு மில்லு ஒரு மாதிரி கத்துது. வந்து கேட்டு, அந்த மேஸ்திரிக்கு ஒரு தரம் சொல்லிருதியளா?" என்றார். கடையே சிரித்தது.

அடுத்தடுத்த தடவைகளில் எங்கள் வீட்டுக்காரரே மேஸ்திரிக்குப் பேசிப் பார்த்தார். மேஸ்திரி என்னிடம் வருத்தப்பட்டார். "உங்க வீட்டு அண்ணாச்சி எந்தச் சத்தம் செஞ்சாலும் எருமை கத்துன மாதிரியே இருக்குக்கா. போன தரம் தப்பான சாமானை எடுத்துட்டுப் போய் வெயில்ல திரும்பி வந்தேன். நீங்க செஞ்சாதான் சுத்தமா இருக்கு."

சுத்தமாக இருந்தது எனக்கும் தெரியும். நான் செய்த சத்தத்துக்கு அவர் ஒருநாளும் தப்பினதில்லை என்பதும் தெரியும். ஆனாலும் வீட்டுக்காரர் "எது தேவலை?" என்று கேட்டபோது, "அந்த அட்டைக்காரகதான். பொம்பளப்பிள்ள எடுக்கா, மரியாதையாப் பேசுதா" என்று சொல்லிவிட்டேன்.

"எல்லையைத் தாண்டினா வரமாட்டானுகளே?"

"நீங்க எல்லைக்குள்ளயே ஓட்டுங்களேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் அந்த வருஷம் அட்டையைத்தான் புதுப்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முந்தின வருஷமும் அவளுக்கு ஒரு இடம் கூடிவந்தது. பரிசம் போட வந்த மாப்பிள்ளை வீட்டார் வேன், வழியில் நின்றுபோயிற்று. சகுனம் சரியில்லை என்று அங்கிருந்தே திரும்பிப் போய்விட்டார்கள். இவள் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அத்தை, அப்பாவின் அக்கா, அந்த வீட்டில் அவர் சொல்தான் சட்டம். "இன்னொரு தரம் வழியில தடங்கல் வந்தா, இவளுக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கப்பிடாது" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

இப்போது கல்யாணம் மாப்பிள்ளை ஊரான ஸ்ரீவைகுண்டத்தில். பெண் போக எங்கள் வண்டி. வேறு வண்டி வைக்கச் சொல்லி இவரே சொன்னார். பெண்ணின் அப்பாவுக்குப் பழக்கத்தை விட மனசில்லை. முந்தின நாள் அவள் எங்கள் அடுப்படியில் வந்து நின்றாள்.

"சித்தி, சித்தப்பா வண்டி நிக்காதுல்லா?"

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஸ்ரீவைகுண்டம் அட்டையில் போட்ட எல்லைக்கு ரொம்ப வெளியே. கிரேன்காரர் வந்தால் கல்யாணப் பெண்ணை அண்ணாந்து படுக்கவைத்துக் கொண்டுபோவார். "நிக்காது. நின்னாலும் ஆளு இருக்கு" என்றேன். அவள் போனதும் வீட்டுக்காரரிடம் போய், "மேஸ்திரிகிட்டச் சொல்லிவைங்க" என்றேன்.

"உனக்கு அட்டைதானே பிடிக்கும்?"

"பிடிக்கிறது வேற. அவருதான் சரியா வருவாரு."

விஷயத்தைச் சொன்னதும் மேஸ்திரி, "கல்யாண வண்டில்லா? விடிஞ்சதும் குளிச்சிட்டு போன் பக்கத்துலயே இருக்கேன்" என்றாராம்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். பெண் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டாள். அவளுக்கு அந்தப்பக்கம் அத்தை. பின்னால் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன். செய்துங்கநல்லூர் தாண்டுகிறவரைக்கும் வண்டி பூப்போலப் போயிற்று. தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ரெண்டு பக்கமும் வாழையாக இருந்த இடத்தில், அது இருமியது. குலுங்கியது. ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. கோயில் கண்ணுக்கெட்டின தூரத்துக்கு இல்லை. ஒரு உரக்கடை மட்டும் இருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் திரும்பி, "இளநி நல்லாருக்கும் இங்கன. ஆளுக்கொண்ணு குடிச்சிட்டுப் போவோமா?" என்றார்.

"முகூர்த்தத்துக்குப் போற வழியில என்னவே இளநி?" என்றார் அத்தை. "வண்டி நின்னுட்டுன்னு சொல்லும்வே!"

சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். பின்னால் வந்த வேனைக் கை காட்டி நிறுத்தினார். "திருப்புங்க. போன வருஷம் மாதிரியே ஆயிட்டு. இது நமக்கு ஆகாது." பெண்ணின் அப்பா தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். பெண் என் கையைப் பிடித்தாள். மருதாணிக் கை. அழவில்லை. முந்தின வருஷமே அழுது முடித்திருப்பாள் போல.

வீட்டுக்காரர் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுக்கொண்டே, மெதுவாக, "ஏளா, நீ போ. நான் செஞ்சா எருமைம்பான்" என்றார்.

நான் இறங்கி உரக்கடைக்கு நடந்தேன். வேனிலிருந்து எல்லாரும் இறங்கிவிட்டிருந்தார்கள். ஐம்பது கண்ணாவது என் முதுகில் இருந்தது. போன் வாசல் மேசை மேலேயே இருந்தது. திரும்பிக்கொள்ளச் சுவர்கூட இல்லை. முதல் மணியிலேயே மேஸ்திரி எடுத்துவிட்டார்.

"என்ன சத்தம்க்கா?"

கண்ணை மூடிக்கொண்டேன். "பட்... பட்... படபட... பட்" என்றேன்.

"கேக்கல, உரக்கச் செய்யுங்க."

"பட்! பட்! படபட! பட்!"

"வண்டி குலுங்கிச்சா? எப்படிக் குலுங்கிச்சு?"

போனில் குலுக்கலை எப்படிக் காட்டுவது? அப்போது அது தோன்றவில்லை. குலுங்கினேன். தலையிலிருந்து கால் வரைக்கும் குலுங்கினேன். கொண்டை அவிழ்ந்து முடி விரிந்துவிட்டது. "ஊஊ... உஸ்ஸ்ஸ்" என்று அந்தக் கடைசிப் பெருமூச்சையும் விட்டேன்.

"பெட்ரோல் குழாயில அழுக்கு அடைச்சிருக்கு. இந்தா வாறேன்" என்று வைத்துவிட்டார்.

கண்ணைத் திறந்தால் எதிரே அத்தை கை கூப்பி நிற்கிறார். கண்ணில் நீர். அவருக்குப் பின்னால் வேன் முழுக்கக் கை கூப்பி நிற்கிறது. யாரோ ஒரு பெண் குலவை போட்டாள்.

"அம்மா, வந்திருக்கது யாரு? முத்தாரம்மையா, பேச்சியா?" என்று கேட்டார் அத்தை. "என்ன குறை வச்சோம், சொல்லு தாயி."

நான் என்ன சொல்வேன்? எனக்குச் சாதாரணமாகவே நாலு பேர் முன்னால் பேச்சு வராது. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"பேச மாட்டேங்கா. பொங்கல் வைக்காமப் பொறப்பட்டுட்டோம்லா, அதான் மறிச்சிருக்கா" என்று அத்தையே முடிவு பண்ணிவிட்டார். உரக்கடைக்காரர் ஓடிப்போய்ச் சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்தார். அத்தை என் காலில் ஊற்றினார். கும்பிட்ட வேகத்தில் என் செருப்பையும் சேர்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வண்டி மூடிக்குள்ளிருந்து எங்கள் வீட்டுக்காரரின் முதுகு மட்டும் தெரிந்தது. அது குலுங்கிக்கொண்டிருந்தது.

கால்மணிக்குள் மேஸ்திரி வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, தோளில் மஞ்சள் பை. கூட்டம் தானாக வழி விட்டது. யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே வண்டிக்குப் போனார். குழாயைக் கழற்றி வாயில் வைத்து மூன்று தடவை ஊதினார்.

"மந்திரிச்சு ஊதுதாக" என்று அத்தை பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

வண்டி ஒரே தட்டில் கிளம்பியது. மறுபடி குலவை. மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் வந்து, "குலுக்கல்தான்க்கா எனக்கு விளங்கிச்சு" என்று சொல்லிவிட்டு மொபெட்டில் ஏறிப் போய்விட்டார். குலுக்கல் அவருக்கு எந்த வழியாகத் தெரிந்ததோ, அது இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

வண்டியில் ஏறியதும் பெண் என் காதருகில் குனிந்தாள். "சித்தி, அது வண்டிச் சத்தம்தானே?"

நான் தலையாட்டினேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்துவிட்டது. "பெறந்த வீட்டை நெனச்சு அழுதா. அழட்டும்" என்றார் அத்தை.

ஸ்ரீவைகுண்டத்தில் மண்டபத்து வாசலிலேயே மாப்பிள்ளையின் பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன, வழியில ஏதும் தடங்கலா?" என்று கேட்டார். எங்கள் வீட்டுக்காரர் இளநி என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் அத்தை இறங்கிவிட்டார். "தடங்கலா? அம்மா நேர்ல வந்து உத்தரவு குடுத்து அனுப்பியிருக்கா வே. இந்தக் கல்யாணத்துக்கு இனி எவன் குறுக்கே சொல்லுதான்னு பாக்கேன்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெண்ணைக் கைப்பிடித்து முன்னால் கூட்டிக்கொண்டு போனார். பெரியப்பா ஒதுங்கி நின்று கும்பிட்டார்.

நான் இறங்கவில்லை. அவிழ்ந்த கொண்டையோடு அத்தனை பேர் நடுவே எப்படிப் போவது? வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து முடியைச் சுற்றிச் சுற்றி முடிந்துகொண்டிருந்தேன். கெட்டிமேளம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டுக்காரர் கையில் அட்சதை மிச்சத்தோடு வந்து கதவைத் திறந்தார்.

"தாலி கட்டியாச்சு. எறங்குளா."

"கூட்டம் கொறையட்டும்" என்றேன்.