வெள்ளிச் சுருளும் கறுப்புக் கயிறும்

எங்கள் சபைப் பெண்கள் கூட்டத்தில் மாதம் ஒரு கட்டுரையைத் தமிழில் விளக்கிச் சொல்லும் வேலை என்னுடையது. பாலக்கோட்டில் அப்போது ஆங்கிலம் படித்துச் சொல்லக்கூடிய பெண்கள் சபையில் அதிகம் இல்லை. நான் சேலத்தில் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவள். கணவருக்குச் சர்க்கரை ஆலை அலுவலகத்தில் வேலை. எண்பதுகளின் நடுவில், எங்கள் மூத்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, போதகர் ஒரு கட்டுரையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் படித்ததும், இதைச் சபையில் எப்படிச் சொல்வது என்று தவித்துப்போனேன். கட்டுரையில் குறை ஒன்றும் இல்லை. என் மகளின் கழுத்தில் கிடந்ததுதான் காரணம்.

கொஞ்ச காலம் முன்பு அவளுக்குக் காய்ச்சல் வந்து, விடாமல் அடித்தது. டாக்டர் மருந்தை மாற்றிப் பார்த்தார். நான் தூங்காமல் கிறுகிறுத்துப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருந்தவரின் மனைவி, ஒரு மாலை குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஓதி ஊதுவதற்காகப் பல தாய்மார்கள், எல்லா மதத்தவரும், வாசலில் பிள்ளைகளோடு நிற்பது அங்கே வழக்கம். திரும்பி வரும்போது குழந்தையின் கழுத்தில் கறுப்புக் கயிறும் சின்ன வெள்ளித் தாயத்தும் இருந்தன. காய்ச்சல் இறங்கியது. மாற்றிய மருந்தாலா, ஓதியதாலா என்று எனக்குள் வழக்கு நடந்துகொண்டே இருந்தது.

மகளின் ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. தாயத்து விஷயத்தில் போதகர் கண்டிப்பானவர். முன்பு ஒரு ஞானஸ்நானத்தில், தண்ணீர்த் தொட்டியருகே ஒரு குழந்தையின் கழுத்தில் கயிற்றைப் பார்த்துவிட்டு, கத்தரிக்கோல் கொண்டுவரச் சொல்லி, சபை முழுவதும் பார்க்க வெட்டினார். அந்தத் தாய் அதன்பிறகு பின்வரிசையை விட்டு முன்னால் வரவே இல்லை. நான் ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் தாயத்தைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுப் பித்தானைப் போட்டுவிடுவேன்.

“கழட்டிட வேண்டியதுதானே, படிச்சவதானே நீ?” என்றார் கணவர்.

“நீங்களும் படிச்சவர்தானுங்களே. நீங்களே கழட்டுங்க.”

அவர் குழந்தையைப் பார்த்தார். கயிற்றைத் தொட்டார். பிறகு காப்பி ஆறிப்போகிறது என்று எழுந்து போனார்.

போதகர் கட்டுரையைக் கொடுக்கும்போது உற்சாகமாக இருந்தார். “நம்ம வேதத்தைக் கட்டுக்கதைன்னு சொல்றவங்களுக்கு இது பதிலுங்கம்மா. நல்லா விளக்கமாச் சொல்லுங்க.” அப்படிச் சொல்கிறவர்களில் நானும் பாதி என்பது அவருக்குத் தெரியும். வேதத்தின் தொடக்கத்தில் மோசேயின் பெயரில் உள்ள புத்தகங்கள், எருசலேம் இடிந்து பாபிலோனுக்குச் சிறைபோன யூதர்கள் திரும்பிய பிறகு யாரோ தொகுத்தவை என்று கல்லூரியில் விரிவுரையாளர் சொன்னது எனக்குள் முள்ளாக இருந்தது. ஜெபம் செய்யும்போதுகூட, இது யார் எழுதிய வார்த்தையோ என்று ஒரு நினைப்பு ஓடும்.

கட்டுரை இதுதான். எருசலேமுக்கு அருகே, பாறையில் குடைந்த பழைய கல்லறை ஒன்றைத் தோண்டியபோது, சுருட்டிய இரண்டு வெள்ளித் தகடுகள் கிடைத்தன. சுண்டுவிரலைவிடச் சிறியவை. உடையாமல் விரிக்கவே ஆண்டுக்கணக்கில் ஆனது. உள்ளே முடிபோன்ற எபிரெய எழுத்துகள். யூதக் குருமார்களான ஆசாரியர்கள் மக்களை ஆசீர்வதிக்கும்படி மோசேயின் புத்தகங்களில் உள்ள அதே ஆசீர்வாதம். கடவுள் காக்கட்டும், தம் முகத்தை உன்மேல் ஒளிரச் செய்யட்டும் என்பது. பாபிலோனியர் எருசலேமை இடிப்பதற்கும் முந்திய காலமாக இருக்கலாம் என்றது கட்டுரை. மோசேதான் எழுதினார் என்று இது நிரூபிக்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லியிருந்தது. எனக்கு அந்த அளவே போதும்போல் இருந்தது. எல்லாமே பின்னால் வந்தவர்கள் இட்டுக்கட்டியதல்ல. இந்த வார்த்தைகளாவது அப்போதே ஒருவர் உடம்போடு இருந்திருக்கின்றன.

ஆனால் அடுத்த பத்தியில் மாட்டிக்கொண்டேன். சுருளின் நடுவே கயிறு கோப்பதற்கான துளை. கழுத்தில் கட்டுவது, தீமை அண்டாமல் இருக்க. ஆங்கிலத்தில் அதற்கு ஒரு சொல் போட்டிருந்தார்கள். தமிழில் அதற்கு எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: தாயத்து. ‘ஆபரணம்’ என்று எழுதினேன். அடித்தேன். ‘பதக்கம்’ என்று எழுதினேன். அதையும் அடித்தேன். தாயத்து என்று சொன்னால் போதகரின் கண்டிப்பைச் சபையில் கேலி செய்ததாகிவிடும். அவர் பார்வை என் குழந்தையின் கழுத்துக்கும் வந்துவிடலாம். சொல்லாவிட்டால், வேதத்துக்குச் சாட்சி சொல்லப் போய்ப் பொய் சொன்னதாகிவிடும். போதாததற்கு இன்னொரு எண்ணமும் வந்தது. கல்லறையில்தானே கிடைத்தது? அப்படியானால் அதைக் கட்டியிருந்த ஆளை அது காக்கவில்லையே. எத்தனை வயதில் இறந்தாரோ என்று மூன்று முறை கட்டுரையைப் புரட்டினேன். அது போட்டிருக்கவில்லை.

கூட்டத்தில் போதகரும் பின்னால் வந்து உட்கார்ந்திருந்தார். மகள் என் மடியில். அந்த இடம் வந்ததும் குரல் கொஞ்சம் இறங்கியது. “அதாவது, இது ஒரு தாயத்துங்க,” என்றேன்.

பென்னாகரத்துப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். “அப்ப அவிங்களும் நம்மளாட்டம் பயந்தவிங்கதானா கண்ணு?”

“வெள்ளியிலயாமா. நம்மளுக்குச் செம்புத் தகடுதான்,” என்றார் இன்னொருவர்.

“உள்ள என்ன எழுதியிருந்துச்சுன்னு சொல்லுங்கம்மா,” என்றார் போதகர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“ஆராதனை முடியறப்ப நீங்க கையத் தூக்கிச் சொல்றீங்களே, அதேதாங்கய்யா.”

பென்னாகரத்து அம்மா அவர் பக்கம் திரும்பினார். “அப்ப அய்யா வாராவாரம் எங்களுக்குத் தாயத்துதான் கட்டியுட்டுட்டு இருந்தீங்களாக்கும்.”

பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். போதகர் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், தைரியம் போய்விடுவதற்கு முன், நான் எழுந்து அவரிடம் போய்க் குழந்தையின் சட்டைப் பித்தானைக் கழற்றிக் காட்டினேன்.

“காய்ச்சலுக்குங்களா?”

“ஆமாங்கய்யா. பக்கத்து வூட்டு அக்கா பாசத்துல கட்டுனது.”

அவர் தாயத்தை விரலால் திருப்பிப் பார்த்தார். “நான் கத்தரிக்கோல் எடுக்க மாட்டேம்மா. எடுத்தது போதும். நீங்க வூட்ல யோசிச்சு, மனசு சொல்றபடி கூட்டிட்டு வாங்க.”

பெரிய பாரம் இறங்கியது உண்மைதான். ஆனால் என்னைப் போன்றவளிடம் யோசிக்கச் சொன்னால் என்ன ஆகும்? கழற்றினால் காய்ச்சல் வந்துவிடுமோ, அக்கா மனம் நோகுமோ, கழற்றாவிட்டால் நம்பிக்கை இல்லாதவள் ஆவேனோ. மறுநாள் அக்கா குழந்தையைத் தூக்க வந்தபோது தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், எருசலேம் கல்லறை வரைக்கும்.

அவர் பொறுமையாகக் கேட்டார். “இதுக்கா கண்ணு மூஞ்சி இத்தனூண்டாப் போயிக் கெடந்துச்சு? காச்சல் போயாச்சு, அது வேலை முடிஞ்சுது. நானே கழட்டச் சொல்லலாம்னு இருந்தேன். கயிறு ஊறிப்போயி புள்ள கழுத்துல தடம் உழுந்திருக்கு பாரு. எங்க நீ தப்பா நெனச்சுக்குவியோன்னுதான் சொல்லலை.”

“நீங்களுமா அக்கா?”

“பின்னே?” முடிச்சைத் தன் நகத்தாலேயே அவிழ்த்து, தாயத்தை என் கையில் வைத்தார். கயிறு இருந்த இடத்தில் சிவந்த கோடு. நான் அதுவரை கவனிக்கவே இல்லை. தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து அவரே தடவினார்.

ஞானஸ்நானத்துக்கு அக்காவும் வந்தார். ஆராதனை முடிவில் போதகர் கையை உயர்த்தியபோது, என் மனதில் இந்த முறை விரிவுரையாளர் குறுக்கே வரவில்லை. எப்போதோ ஒரு வெள்ளித் தகட்டின்மேல் குனிந்து, இதே வார்த்தைகளைக் கீறிக்கொண்டிருந்த ஒரு கைதான் வந்தது. யாருக்காகவோ பயந்து எழுதச் சொன்ன இன்னொருவரும் பக்கத்தில் நின்றிருப்பார்.

வெளியே வந்ததும் காய்ச்சல் இருக்கிறதா என்று குழந்தையின் நெற்றியைத் தொடப் போனேன். எனக்கு முன்பே அங்கே அக்காவின் கை இருந்தது.

“ஒண்ணுமில்ல, சில்லுனுதான் இருக்குது,” என்றார்.