சுவரைத் தட்டிப் பார்த்தவர்

பள்ளிப்பட்டில் ஆற்று வெள்ளம் எங்கள் வீட்டுக்குள் புகுந்து வடிந்த பிறகு, இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். வெள்ளக் காப்பீடு எடுத்தால்தான் வீட்டுக் கடன் என்று திருத்தணி வங்கியில் கட்டாயப்படுத்தி எடுக்கவைத்த பாலிசி அது. நரைத்த மீசை, மடிப்பு கலையாத சட்டை. ஒவ்வொரு சுவரையும் விரலால் தட்டி, காது வைத்துக் கேட்டார். சேற்றில் கிடந்த அப்பாவின் விசைத்தறி மோட்டாரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"செவுரு நல்லா கீதும்மா. பாலிசி கட்டடத்துக்குத்தான், தறிக்கு இல்ல" என்றார்.

"நைனா தறி ஓட்டினாத்தாங்க அந்தக் கடனையே கட்ட முடியும். செவுத்தயா நெய்வாரு?" என்றேன்.

"பேங்குக்குச் செவுரு நின்னா போதும்மா. என் வூட்டுக்கும் இதே பாலிசிதான்."

சொல்லிவிட்டு, சேதம் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். இவ்வளவும் தெரிந்த மனிதர் அதை எப்படி அத்தனை அமைதியாக எழுதினார் என்று நினைத்தால்தான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.