மானுக்கு எந்தக் கைத்துப்பாக்கி நல்லது?

போன மாதம் ஒஸ்லோவில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போயிருந்தேன். பதற வேண்டாம்... நானாகப் போகவில்லை. நண்பர் பரமேஸ் இழுத்துக்கொண்டு போனார்.

காரணம், கல்யாணம்!

பரமேஸின் மகள் ஒரு நோர்வேப் பையனை விரும்புகிறாள். பையனின் அப்பா ஒட்வார் வேட்டைப் பிரியர். 'மான் வேட்டைக்கு வாருங்கள், காட்டில் பழகிக்கொள்வோம்' என்று அழைப்பு அனுப்பிவிட்டார். நம் ஆட்கள் சம்பந்தி வீட்டுக்குப் பலகாரத் தட்டோடு போவார்கள். இவர் எதைக் கொண்டுபோவது?

"வெறுங்கையோடை போய் நிண்டால் என்ன மரியாதை? பிள்ளைக்கெல்லோ தலைகுனிவு" என்றார் பரமேஸ். மனிதருக்கு உண்மையாகவே நித்திரை இல்லை.

சரி, அதற்கு ஏன் கைத்துப்பாக்கி?

"றைபிளைத் தோளிலை கொழுவிக்கொண்டு எங்கடை புளொக் லிஃப்டிலை ஏறினால் சனம் என்ன கதைக்கும்? 'பரமேஸ் ஏதோ இயக்கத்திலை சேர்ந்திட்டான்' எண்டு பின்னேரத்துக்குள்ளை பக்கத்து நகரம் திராமன் வரைக்கும் கதை போயிடும். பிஸ்டல் எண்டால் ஜக்கெட்டுக்குள்ளை வைக்கலாம்."

அமெரிக்க வேட்டைக்காரர்களின் இணையத்தளங்களை அவர் கரைத்துக் குடித்திருந்தார். முயல் சின்ன மிருகம், இருபத்திரண்டு ரகத் தோட்டா போதும். எல்க் என்கிற ராட்சத மான் பெரிய மிருகம், கிட்டப் போகக் கூடாது. நம்முடைய மான் நடுத்தரம் — மூன்று ஐம்பத்தேழா, நாற்பத்து நான்கு மேக்னமா? அவர் வீட்டு சோபாவில் இருந்து மணிக்கணக்காக விவாதித்தோம். "குழல் நீளமா இருந்தால் குறி தப்பாது" என்று நானும் ஒரு போடு போட்டேன்.

இத்தனைக்கும் நாங்கள் இருவரும் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. ஆனால் வெடிச் சத்தத்தைக் கேட்டே ரகம் சொல்வோம். ஊரில் யுத்தக் காலத்தில் பங்கருக்குள் இருந்து படித்த படிப்பு!

"இஞ்சேருங்கோ, நுளம்பு அடிக்கவே யோசிக்கிற ஆளுக்கு மான் வேட்டை ஒரு கேடா?" என்று குசினியிலிருந்து கேட்டார் பரமேஸின் மனைவி மாலதி. நியாயமான கேள்வி. சப்பாத்தை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினோம்.

கடைக்காரர் கம்பளி ஸ்வெட்டர் போட்ட, சாந்தமான மனிதர். நடுத்தர மிருகம், கைத்துப்பாக்கி, நாற்பத்து நான்கு மேக்னம் — பரமேஸ் ஒப்புவித்த எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "இதற்கு முன் எதைச் சுட்டிருக்கிறீர்கள்?"

"ஒண்டையும் சுடேல்லை. என்னைத்தான் ரெண்டு மூண்டு தரம் சுட்டவை."

பஸ் பிந்திவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னார் பரமேஸ். கடைக்காரர் இரண்டு நாற்காலிகளை எங்களுக்கு இழுத்துப் போட்டார்.

அப்புறம்தான் விளக்கினார். நோர்வேயில் கைத்துப்பாக்கியால் வேட்டையாடுவது தடை. றைபிள் வாங்கவும் முதலில் வேட்டைக்காரர் பரீட்சை எழுத வேண்டும். மானுக்கென்று தோட்டா தனி. உடலுக்குள் போனதும் விரிய வேண்டும், மான் துடிக்காமல் உடனே சாக வேண்டும். மிருகம் வேதனைப்படக் கூடாது என்பது சட்டமாம்.

திரும்பும்போது டிராமில் பரமேஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தார். "மானுக்கு நோகக் கூடாதெண்டு சட்டம் வைச்சிருக்கிறாங்கள், பாத்தீரே..." என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த மானின் மேல் பொறாமையாக இருந்தது.

கடைசியில் வெறுங்கையோடுதான் போனோம். துணைக்கு நானும். ஒட்வார் ஆளுக்கொரு சிவப்புத் தொப்பி தந்தார். காட்டுக்குள் மூவரும் நடந்துகொண்டிருந்தோம். திடீரென்று மலைக்கு அந்தப் பக்கம் யாரோ சுட்டார்கள்.

டமார்!

அடுத்த கணம் பரமேஸும் நானும் குப்புறக் கிடந்தோம். யாரும் சொல்லவில்லை, யோசிக்கவுமில்லை. உடம்பு தானாகவே விழுந்துவிட்டது. முகமெல்லாம் பாசி. வெட்கத்தில் தலை நிமிர முடியவில்லை. எல்லாம் முடிந்தது, சம்பந்தியின் முன்னால் மானம் போய்விட்டது என்று நினைத்தேன்.

பார்த்தால்... ஒட்வாரும் பக்கத்தில் குப்புறக் கிடக்கிறார்! நாங்கள் மானைக் கண்டுவிட்டோம் என்று நினைத்துவிட்டார் மனிதர்.

"எங்கே?" என்று கிசுகிசுத்தார். பரமேஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கிடப்பதை அவர் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை. எழும்பச் சொல்லவும் இல்லை. தன் றைபிளிலிருந்து தோட்டாவைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, படுத்தபடியே பிளாஸ்கைத் திறந்து கோப்பி ஊற்றி எங்கள் பக்கம் தள்ளினார். பரமேஸ் காதிலிருந்து கையை எடுக்கும் வரை மூன்று பேரும் அப்படியே கிடந்தோம். மான் ஏதும் அந்தப் பக்கம் வந்ததா, தெரியாது.

அன்றிரவு பரமேஸுக்கு மகளின் போன். "அப்பா, ஒட்வாருக்கு உங்களை நல்லாப் பிடிச்சுப் போச்சு. அடுத்த வருசமும் கட்டாயம் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போவாராம்."

பரமேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மீன்பிடிக்கப் போவம் எண்டு சொல்லு, பிள்ளை. தூண்டில் வெடிக்காது."