பாதி மணலில் பூட்டிய கதவு

“முப்பத்தொம்பது. கோரம் சேர்ந்தாச்சு, சோறு போடுங்க.” கல்யாண வீடோ துக்க வீடோ, தலையெண்ணாமல் பந்தியை ஆரம்பிக்க விடமாட்டார் அண்ணன். சபை நடக்க இத்தனை பேர் வேண்டும் என்ற கணக்குக்குத்தான் கோரம் என்று பெயர்.

“ரிடையராகி இருபது வருஷமாச்சு, இன்னும் எண்ணிக்கிட்டு!” என்று அண்ணி இடிப்பாள்.

இவர் என் பெரியம்மாவின் மூன்றாவது மகன். மாகாணத்துக்குச் சட்டசபை வந்த புதிதில் கட்டடம் கிடையாது; ஒரு பள்ளிக்கூடத்தில்தான் கூடினார்கள். பெரிய மனிதர்கள் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து சட்டம் போட்டார்கள். அண்ணன் வாசல் சேவகர். ஓட்டெடுப்பு என்றால் வெளியே இருக்கும் உறுப்பினர்களைக் கூப்பிட மணி அடித்து, மணற்கடிகாரத்தைக் கவிழ்ப்பார். மணல் இறங்கி முடிந்ததும் கதவைப் பூட்டுவார். அப்புறம் யார் வந்தாலும், “மணல் முடிஞ்சுபோச்சுங்க.” மந்திரிக்கும் அதே பதில்தான்.

அந்த நாளில் ஆற்றுப்பாலத் தீர்மானம் ஒரே ஒரு ஓட்டு குறைந்து தோற்றது. அதைக் கொண்டுவந்த அக்கரை உறுப்பினரே ஓட்டுப்போட உள்ளே இல்லை. அவர் அண்ணியின் கூடப்பிறந்த அண்ணன். ‘விலைபோயிட்டான்’ என்று ஊர் பேசியது. அதோடு அவர் அரசியலும் முடிந்தது.

போன வாரம் சபை நூலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சபையின் ஆரம்பகாலச் சரித்திரம் எழுதுகிறாராம். எழுதியதை வாசித்தார்: “பாலத் தீர்மானத்தின்போது அவ்வுறுப்பினர் வேண்டுமென்றே வெளியே தங்கினார்.”

“அதை அடிச்சுடுங்க” என்றார் அண்ணன். “அதுக்கு முந்தின ஓட்டெடுப்பைப் பாதியில நிறுத்திட்டாங்க. உடனே இது. மேலே மணல் மிச்சமிருந்ததைப் பாக்காம கவுத்துட்டேன். கீழே இறங்கியிருந்த பாதிதான் ஓடுச்சு. பாதி மணல்ல, பாதி நேரத்துலயே பூட்டிட்டேன். மச்சான் நேரத்துக்குத்தான் வந்து தட்டினாரு. தான்தான் லேட்டுன்னு இன்னைக்கும் நினைச்சுக்கிட்டிருக்காரு.”

அதிகாரி தயங்கினார். “உங்களை ‘ஒருநாளும் தவறாதவர்’னு எழுதியிருக்கேனே ஐயா.”

அண்ணன் பேனாவை வாங்கித் தன்னைப் பற்றிய அந்த வரியைத் தானே அடித்தார். பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

“தெரிஞ்சுக்கிட்டேவா எங்கண்ணன்கூட உக்காந்து இத்தனை வருஷம் சாப்பிட்டீங்க?” என்றாள் அண்ணி. அவள் போனை எடுத்துத் தன் அண்ணனுக்குப் போட்டு, மணி போகும்போதே கணவரிடம் நீட்டினாள்.

இரண்டு கையாலும் வாங்கினார். அந்தப் பக்கம் “யாரு?” என்று குரல் கேட்டதும் எழுந்து நின்று, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார்.