கேட் மூடியிருந்த நேரம்

போன வாரம் எங்கள் அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு பழைய புகைப்படத்தைப் போட்டார்கள். சிவப்பும் வெள்ளையும் பட்டையடித்த லெவல் கிராசிங் கேட், அதன் முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு ஸ்கூட்டர்கள், நடுவில் எதைப் பற்றியும் கவலைப்படாத ஓர் எருமை. கீழே, ‘அந்த நாட்கள் திரும்ப வருமா?’ என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. சாயங்காலத்துக்குள் அதற்கு எத்தனையோ சிவப்பு இதயங்கள் விழுந்துவிட்டன. எவ்வளவு அமைதியான காலம், எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று ஆளாளுக்கு உருகினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உருகியவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த கேட்டை எடுக்கச் சொல்லி மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், மனுவை எழுதியவளே நான்தான். முதல் கையெழுத்தும் என்னுடையது.

ஹைதராபாத் மெட்டுகுடாவில் எங்கள் வீடு ரயில்பாதைக்கு அந்தப் பக்கம். பஸ் வரும் மெயின் ரோடு இந்தப் பக்கம். நடுவில் கேட். நான் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தேன். இரண்டு பஸ் மாறி, மெயின் ரோட்டில் இறங்கி, ரயில்வே காலனி வழியாக நடந்து நான் வந்து சேரவும் கேட் இறங்கவும் சரியாக இருக்கும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும். அந்த கேட்மேன் என்னைத் தூரத்தில் பார்த்துவிட்டுத்தான் கைப்பிடியைச் சுற்றுகிறார் என்றே கொஞ்ச காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

திண்டிவனத்திலிருந்து வந்த புதிதில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. யாரை வேண்டுமானாலும் வாய்விட்டுத் தமிழில் திட்டலாம், யாருக்கும் புரியாது. ஒரு நாள் அப்படித்தான் கேட்டையும் ரயிலையும் கேட்மேனையும் சேர்த்து வைத்து வறுத்தெடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வேலிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“காய்கூ அக்கா, எதுக்கு இவ்ளோ கோவம்? திட்டினா ரயில் சீக்கிரம் வந்துடுமா?”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் சிரித்துக்கொண்டே வேலியைத் தாண்டி வந்தாள். என்னைவிட நான்கைந்து வயது சின்னவள். கணவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் மூன்று தலைமுறையாக இங்கே. அவள் தமிழில் பாதி தெலுங்கும் மீதி ஹைதராபாத் இந்தியும் கலந்திருக்கும். பேசுவாளே தவிர, தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. மறுநாள் நான் வந்தபோது இரண்டு எவர்சில்வர் டம்ளரில் சாய் கொண்டுவந்தாள். அவள் சமையலறை ஜன்னலிலிருந்து கேட் தெரியும். மணி அடித்ததும் அடுப்பைப் பற்றவைத்தால், கடைசி வண்டி நின்று இன்ஜினை அணைப்பதற்குள் சாய் கொதித்துவிடும் என்பது அவள் கணக்கு.

அன்றிலிருந்து பத்தொன்பது வருஷம். கேட் ஓரத்தில் அடுக்கியிருந்த பழைய ஸ்லீப்பர் கட்டைகள்மேல் உட்கார்ந்துகொள்வோம். சில நாள் பத்து நிமிஷம், சரக்கு வண்டி வந்தால் இருபது நிமிஷம். மாமியார் பேச்சு, பிள்ளைகள் மார்க், தக்காளி புளிப்பே இல்லை என்ற குறை, யார் வீட்டுப் பெண் யாரோடு போய்விட்டாள் என்ற செய்தி, எல்லாம் ரயில் வரும்வரை. என் பிள்ளை தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறான் என்று நான் அழாத குறையாகச் சொன்னபோது, “பதில் சொல்றான்ல அக்கா, அதுக்கு சந்தோஷப்படுங்க. எங்க வீட்ல அதுவும் இல்ல” என்றாள். என் கர்ப்பப்பையை எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதை வீட்டில் சொல்வதற்கு முன்னால் அவளிடம்தான் சொன்னேன். அப்போது ஏதோ எக்ஸ்பிரஸ் தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கேட் திறந்த பிறகும் அன்று நான் எழுந்திருக்கவில்லை.

ஆனால் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதே இல்லை என்று சொல்லலாம். எங்கள் கிரகப்பிரவேசத்துக்கு ஒரு முறை வந்தாள், அவ்வளவுதான். தினமும் பார்க்கிறவளை வீட்டுக்கு வேறு கூப்பிட வேண்டுமா என்று இருவருமே நினைத்தோம் போலிருக்கிறது.

பிறகு எங்கள் பக்கம் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடிகள் வந்தன. ஐ.டி.யில் வேலை பார்க்கிறவர்கள் வந்தார்கள், கார்கள் வந்தன, கேட் மூடினால் வரிசை கோயில் வாசல்வரை நின்றது. ஒரு காலையில் நெஞ்சுவலிக்காரரை ஏற்றிய ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டது. அவர் பிழைத்துவிட்டார். ஆனால் அன்றே அசோசியேஷன் கூடியது. கேட்டை எடுத்துவிட்டு அண்டர்பாஸ் கேட்பது என்று தீர்மானம். யார் மனு எழுதுவது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்டோர்ஸில் வருஷக்கணக்காகக் கடிதம் எழுதிய கை அல்லவா, எனக்கும் அரித்தது.

வெறுமனே கஷ்டம் என்று எழுதினால் எந்த அதிகாரி மதிப்பான்? ஆதாரம் வேண்டும். கேட் எப்போது மூடுகிறது, எப்போது திறக்கிறது என்று ஒரு மாதம் குறித்துக்காட்ட வேண்டும். நாள் முழுக்க ஜன்னலோரம் இருக்கிறவள் ஒருத்திதான். அவளிடமே கேட்டேன்.

அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் தெலுங்கு எழுத்தில், விடியற்காலையிலிருந்து நேரம் பார்த்து எழுதி, ஊசியால் தைத்துக் கொடுத்தாள். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

“இதெல்லாம் எதுக்கு அக்கா?”

“கேட் போயிடும்மா. இனிமே யாரும் இப்படி வெயில்ல நிக்க வேண்டாம். நாள் பூரா எவ்ளோ நேரம் வீணாப் போகுதுன்னு நீயே எழுதியிருக்கியே.”

அவள் தாள்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “அப்போ நம்ம சாய்?”

“உன் வீட்டுக்கே வந்து குடிக்கிறேன். உட்கார்ந்து, ஆற அமர. ரயில் வந்துடும்னு அவசரமா குடிக்க வேண்டாம்ல?”

“பக்கா?”

“பக்கா.”

“ஹவ், அப்ப சரி” என்று மனுவில் கையெழுத்துப் போட்டாள். காலனிப் பக்கத்திலிருந்து போட்டவர்கள் மிகவும் குறைவு. அவர்களுக்கு எங்கள் அண்டர்பாஸால் ஒரு லாபமும் கிடையாது. நான் வருவேன் என்று சொன்னதற்காக மட்டுமே அவள் போட்டாள்.

நான்கு வருஷம் இழுத்தடித்து வேலை முடிந்தது. மனுவில் நடைபாதையும் கேட்டிருந்தேன். கட்டும்போது அதை விட்டுவிட்டார்கள். எனக்குத் தெரியும். அதற்காக மறுபடி கிளம்பினால் காருக்கு வழி கிடைப்பது தள்ளிப்போகும் என்று வாயை மூடிக்கொண்டேன். திறப்பு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள், தலைகால் புரியவில்லை. கேட் இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பினார்கள். எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் சுவர், அதற்கு அப்பால் அவள் வீட்டு ஓட்டுக் கூரை. நூறு அடி இருந்தால் அதிகம்.

கொஞ்ச நாளில் மெட்ரோவும் வந்தது. பாலாநகரில் ஏறி, அமீர்பேட்டில் கோச்சிங் பிள்ளைகளின் முதுகுப்பைகளிடம் இடி வாங்கி மாறி, மெட்டுகுடாவில் இறங்கினால், ஷேர் ஆட்டோ அண்டர்பாஸுக்குள் புகுந்து வீட்டு வாசலில் விட்டுவிடும். அவள் வீட்டுக்குப் போவதென்றால் காலனிக்குள் நடந்து, மறுபடி மெயின் ரோட்டுக்குத் திரும்பி வரவேண்டும். முட்டிவலியோடு அண்டர்பாஸ் சரிவில் வண்டிகளுக்கு நடுவே அவளால் வர முடியாது. நான்தான் போகவேண்டும்.

போனேன். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் கணவர் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து வணக்கம் சொன்னார். அவள் பூப்போட்ட கப்பில் சாஸர் வைத்து சாய் கொடுத்தாள், தட்டில் உஸ்மானியா பிஸ்கட். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. கட்டைமேல் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிய இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து, “அப்புறம்?”, “நீங்கதான் சொல்லணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தோம். எழுந்து போக ஒரு ரயிலும் வரவில்லை. நானே கடிகாரத்தைப் பார்த்து எழுந்தேன். அவளுக்கும் அது உறைத்தது, முகத்தில் தெரிந்தது. இன்னும் நான்கு முறை போயிருந்தால் பழகியிருக்கும். அந்தப் பொறுமை எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு போனில்தான். வருகிறேன், இந்த வாரம் முடியவில்லை, அடுத்த வாரம் கட்டாயம். “இல்லம்மா, சுத்திக்கிட்டு வரணுமே, போகவர முக்கால் மணி நேரம் ஆயிடுது” என்பேன். எத்தனை முறை சொல்லியிருப்பேனோ. மிச்சமான நேரத்தில் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சீரியல் பார்த்தேன். குழுவில் குப்பை வண்டி வரவில்லை என்று சண்டை போட்டேன்.

அவளாக என்னை வா என்று கூப்பிட்டது ஒரு முறைதான். போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் போன் வந்தது. “அக்கா, இன்னிக்கு வரீங்களா?” ஏன், என்ன என்று ஒன்றும் சொல்லவில்லை. அண்டர்பாஸில் இடுப்பளவு தண்ணீர். அதைச் சொன்னேன். “அட, மறந்துட்டேன். நக்கோ அக்கா, வேண்டாம், நனையாதீங்க” என்று வைத்துவிட்டாள்.

சற்றுத் தள்ளியிருக்கும் மேம்பாலம் வழியாக ஆட்டோ போகும். அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அப்போது நான் அண்டர்பாஸில் நிற்கும் தண்ணீரைப் படம் எடுத்து, மாநகராட்சிக்குக் காரசாரமாக ஒரு புகார் எழுதிக்கொண்டிருந்தேன். நல்ல ஆங்கிலம். குழுவில் எல்லோரும் பாராட்டினார்கள். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு திரும்பிய நாள் அது என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் துணி உலர்த்தும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஷாமியானா தெரிந்தது. யார் வீட்டிலோ விசேஷம் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, உலர்த்த வேண்டிய துணியை உலர்த்தினேன். நாலைந்து நாள் கழித்து, இரண்டு பக்கமும் தள்ளுவண்டியில் கீரை விற்கிற அம்மாள்தான் சொன்னாள், காலனியில் பழைய கேட் பக்கத்து வீட்டு அம்மா போய்விட்டாள் என்று. கீரையை வாங்காமல் அப்படியே ஆட்டோ பிடித்தேன்.

அவள் கணவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று நான் கேட்காமலே அவர் சொன்னார்.

“கடைசி ரெண்டு மாசமும் உங்க பேச்சுதாம்மா. போன் பண்ணட்டுமான்னு எத்தனையோ தடவை கேட்டேன். நக்கோ, அக்காவுக்கு ரொம்ப சுத்து, அவங்களைக் கஷ்டப்படுத்தாதீங்கன்னுட்டா.”

நான் தலையை ஆட்டினேன். வெளியே ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. வீட்டு வாசலிலிருந்து மேம்பாலம் சுற்றி என்னை அங்கே கொண்டுவந்து சேர்க்க அதற்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.