தாகமில்லாத ஆடுகள்

கண்டிக்கு வெளியே ஓர் ஆட்டு மடுவத்தில் இறைச்சிக்கு ஆடு அறுப்பவர் அவர். முப்பது வயதிருக்கும். மெலிந்த கைகள், முழங்கால் வரை இறப்பர் சப்பாத்து. மூளைக்குக் கீழே கடலை அளவில் இருக்கும் கபச்சுரப்பியை நசுங்காமல் எடுத்து என் ஐஸ் பெட்டியில் வைத்துத் தருவார். சுணங்கினால் அதன் உயிர்க்கலங்கள் இறந்துவிடும்.

அந்தக் கலங்களின் சவ்வில் சோடியம், கல்சியம் போன்ற அயன்களைக் கடத்தும் புரதங்கள் உண்டு. அயன்கள் உள்ளே புகுந்தால்தான் உடம்பில் தண்ணீரை மறித்து வைக்கும் ஓமோனைச் சுரப்பி வெளியே விடும். தாகத்தில் அந்தப் புரதங்கள் கூடுகின்றனவா என்பதே என் ஆய்வு. ஆகவே தாகத்தோடு இருந்த ஆடுகளும் எனக்கு வேண்டும்.

அவரோ ஒவ்வோர் ஆட்டுக்கும் தண்ணீர் காட்டி, அது குடித்துத் தலை நிமிரும் வரை காத்திருந்துதான் அறுப்பார். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன்.

"நானா, நாளைக்கு ரெண்டு ஆட்டுக்கு மட்டும் தண்ணி வைக்காதீங்க" என்றேன்.

"அது ஏலா மிஸ்."

"ரெண்டே ரெண்டு. இல்லாட்டி என் ரிசர்ச் பாதியில நின்னுரும்."

"அப்ப நீங்க தண்ணி குடிக்காம வாங்க. ஒங்கட மண்டையத் தொறந்து பாப்பம்" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "அறுக்கிறது என்ட தொழில் மிஸ். தாகத்துல வெச்சிருக்கிறது என்ட தொழிலில்ல."

கலங்களை உப்புக் கூடிய கரைசலில் வைத்து, தாகத்தை ஆய்வுகூடத்தில் உண்டாக்கி ஒருவாறு முடித்தேன். தாகமான ஆடுகள் ஏன் இல்லை என்று பரீட்சகர்கள் கேட்டார்கள். காரணத்தைச் சொன்னேன். அதை 'ஆய்வின் குறைபாடுகள்' பகுதியில் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தேன். அவருக்குரிய இடம் அதுதானா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.