மைக்செட்டின் சாட்சி

எங்கள் எதிர்வீட்டுக்காரிக்கு இந்தக் குடியிருப்பில் வைத்த பெயர் மைக்செட். அவள் புருஷனிடம் ரகசியம் சொன்னால் மூன்று மாடிக்கும் தெரிந்துவிடும். மாமியாருக்கு வயிறு சரியில்லை என்பதை வாசற்படியில் நின்று யாரிடமாவது மெல்லச் சொல்வாள். மறுநாள் கீழ்த்தளத்துக்காரர் மாமியாரிடமே நலம் விசாரிப்பார். அவளைக் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே தறி ஷெட்டில் வேலை. காது பாதி போய்விட்டது. தன் குரல் எவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரியாது.

ஆனால் ஷெட்டுக்குள் அவளுக்குக் குரலே கிடையாது. யாருக்குமே கிடையாது. வரிசையாகத் தறிகள் ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் உதட்டால்தான் பேசுவார்கள். சத்தம் வெளியே வராது. வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பிரித்து, புருவத்தையும் கையையும் துணைக்குச் சேர்த்துக்கொள்வார்கள். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. சேர்ந்த கொஞ்ச நாளில் தானாக வந்துவிடும், வராதவர்கள் ஊமையாக நின்றுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். மேஸ்திரி வேலை ஏவுவதும் உதட்டால்தான், திட்டுவதும் உதட்டால்தான்.

மைக்செட்டின் நாத்தனார், அதாவது புருஷனின் தங்கை, எதிர்த் தறியில் நிற்பவள். அந்த வேலையை வாங்கிக்கொடுத்ததே மைக்செட்தான். நடுவில் ஒரு நடைபாதை, இந்தப் பக்கம் அண்ணி, அந்தப் பக்கம் இவள். ஷிப்ட் முழுக்க ஓயாத பேச்சு. குழந்தைக்குக் காய்ச்சல், யார் யாரோடு பேசுவதில்லை, இன்றைக்கு என்ன குழம்பு, எல்லாம் அந்த நடைபாதைக்கு மேலேயே ஓடும். நாத்தனார் தாய்வீட்டுக்கு வரும்போது அங்கேயும் இந்த வித்தை உதவியது. மாமியார் முதுகைத் திருப்பினால் போதும், இருவரும் சத்தமில்லாமல் அவரை அலசித் துவைத்துக் காயப்போட்டுவிடுவார்கள். ஒருமுறை சட்டென்று திரும்பிவிட்ட மாமியார், “என்னடி ரெண்டு பேரும் தொட்டி மீன் மாதிரி வாயைத் தொறந்து தொறந்து மூடறீங்க?” என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள் மைக்செட். கூடப் பிறந்தவள்கூட இப்படி ஒட்டமாட்டாள் என்பாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

அந்த ஷெட்டில் ஒரு ஃபிட்டர் இருந்தான். சின்ன வயசு. தறி நிற்பதற்கு முன்பே அதன் இருமலைக் கேட்டு ஓடி வருவான் என்பார்கள். வேகமாக ஓடட்டும் என்று மேஸ்திரி ஒரு தறியின் பல்சக்கர மூடியைக் கழற்றி வைக்கச் சொல்லி, அதில் ஒருத்தியின் விரல் போய்விட்டது. மூடியைக் கழற்றச் சொன்னது யார் என்று மேலே சொல்லப் போவதாக ஃபிட்டர் சொல்லிக்கொண்டிருந்தான். வெளிப்படையாகவே சொன்னான். பயம் தெரியாத பிள்ளை.

ஒருநாள் காலை ஷிப்டில் மேஸ்திரி நடைபாதைக் கோடியில் நின்று, தூரத்தில் ஒரு தறியருகே நின்றிருந்த ஃபிட்டரைக் கைதட்டித் தன் பக்கம் பார்க்கவைத்தான். கைதட்டலும் கேட்காது, கையசைவு தெரியும். பிறகு உதட்டால் சொன்னான்: “வேஸ்ட் ரூமுக்கு வா. தனியா வா.” வேஸ்ட் ரூம் என்பது கழிவு நூல் கொட்டி வைக்கும் பின்கட்டு அறை. மைக்செட் பார்த்தாள். எதிரே நாத்தனாரும் பார்த்தாள். பார்த்துவிட்டு, “என்ன அண்ணி, அப்படி என்ன ராஜ ரகசியம்?” என்று உதட்டால் கேட்டாள். “பழைய சண்டைதான்” என்றாள் மைக்செட். கொஞ்ச நேரம் கழித்துக் கழிவு அள்ளப் போனவர் அலறிக்கொண்டு ஓடி வந்தார். ஃபிட்டர் நூல் குவியல் மேல் மண்டை உடைந்து செத்துக் கிடந்தான்.

அன்றைக்கு அவனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, வாசலில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன் என்று மேஸ்திரி போலீசிடம் சொன்னான். ஷெட்டில் எல்லோரையும் விசாரித்தார்கள். “தறிச் சத்தத்துல எங்களுக்கு ஒண்ணும் கேக்கலீங்க” என்றார்கள். அது பொய்யில்லை பாருங்கள், யாருக்கும்தான் கேட்கவில்லை. என்ன பார்த்தீர்கள் என்று கேட்கப் போலீசுக்குத் தோன்றவில்லை, சொல்ல இவர்களுக்கும் மனசில்லை. அண்ணியும் நாத்தனாரும் மட்டும் தாங்களாகப் போய்ப் பார்த்ததைச் சொன்னார்கள்.

வழக்கு நடக்கும்போது ஃபிட்டரின் மனைவி எங்கள் படியேறி வந்தாள். உட்காரவில்லை. மைக்செட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்களும் மாத்திச் சொல்லிடாதீங்கக்கா” என்றாள்.

“நானா? எங்க ரெண்டு பேர் தலை கழுத்து மேல இருக்கற வரைக்கும் கவலைப்படாதே. நானும் இருக்கேன், என் நாத்தனாரும் இருக்கா” என்றாள் மைக்செட். வழக்கம்போல மூன்று மாடிக்கும் கேட்டது. தனக்காக மட்டும் வாக்குக் கொடுத்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காதோ என்னவோ.

கோர்ட்டில் முதலில் அவளைத்தான் ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல், “அவர் பேசினதைக் கேட்டீங்களா?” என்றார்.

“பார்த்தேங்க.”

“கேட்டீங்களா, இல்லையா?”

“கேக்கலீங்க. பார்த்தேன்.”

அவர் ஹாலின் மறுகோடிக்குப் போய், மீசைக்கடியில் எதையோ முணுமுணுத்துவிட்டு, நான் சொன்னதைச் சொல்லுங்கள் பார்க்கலாம் என்றார். “நீங்க வாயையே தொறக்கலியேங்க. வாய் நிறையச் சோத்தை வெச்சுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு” என்றாள். ஹாலே சிரித்தது. சிரிப்பு வக்கீலுக்குத்தான் லாபம். அவள் சொல்லத் தவறிவிட்டாள் என்றுதான் பதிவாகும். அரசு வக்கீல் பதறவில்லை. அடுத்த சாட்சி நாத்தனார். இருவரையும் ஹாலின் இரு கோடியில் நிறுத்திப் பேச வைத்துக் காட்டிவிட்டால் தீர்ந்தது என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். மைக்செட் இறங்கிப் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

நாத்தனார் கூண்டில் ஏறினாள். முகம் வெளிறிக் கிடந்தது. அரசு வக்கீல் முதல் கேள்வியைக் கேட்டதும் பதில் சொல்லாமல் ஹாலைச் சுற்றிப் பார்த்தாள், அண்ணியைக் கண்டதும் பார்வை அங்கேயே நின்றது. எதிரே இவள் இப்படி முழித்தால் மைக்செட்டின் வாய் சும்மா இருந்து பழக்கமில்லை. அரிக்கும் இடத்துக்குக் கை தானாகப் போவதுபோல வாய் சத்தமில்லாமல் திறந்துகொண்டது. “பயப்படாதே. பார்த்ததைச் சொல்லு.”

தறி ஷெட்டுக்காரி தவிர வேறு யாரும் செய்யாத தப்பு இது. எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். ஒரு சாட்சி இன்னொரு சாட்சிக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று கத்தினார். நீதிபதிக்குக் கோபம் வந்தது. மைக்செட்டை எழுந்து நிற்கச் சொல்லிக் கடுமையாக எச்சரித்தார். பிறகு கூண்டுப் பக்கம் திரும்பி, “அந்தம்மா உங்ககிட்ட இப்ப என்ன சொன்னாங்க?” என்று கேட்டார்.

திட்டு வாங்கிய வெட்கத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்டதும் தனக்கு மனசு குளிர்ந்துவிட்டது என்று மைக்செட் என்னிடம் சொன்னாள். யாரும் ஏற்பாடு செய்யாமல், நீதிபதி கண் முன்னாலேயே, ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு பேச்சு போயிருக்கிறது. என்ன பேச்சு என்று நாத்தனார் திருப்பிச் சொன்னால் போதும். தப்பே சாட்சியாகிவிடும்.

“தெரியலீங்கய்யா. வாயை அசைச்சாங்க. எனக்கு ஒண்ணும் புரியல.”

அதோடு விடவில்லை. தறியில் அப்படியெல்லாம் யாரும் பேசுவதில்லை, சும்மா விளையாட்டுக்குச் செய்வது என்றாள். அப்படியானால் போலீசில் சொன்னது? அண்ணி சொல்லச் சொன்னதைச் சொன்னேன் என்றாள். நாத்தனாரின் புருஷன் கம்பெனி வேன் ஓட்டுபவன், குடியிருப்பது கம்பெனி குவார்ட்டர்ஸ். முந்தின வாரம் மேஸ்திரியின் ஆட்கள் வந்து குழந்தைகளின் பள்ளிக்கூடம் எது என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போனார்களாம். இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. பிறழ் சாட்சி என்று எழுதிக்கொண்டார்கள். வேறு தடயம் இல்லை. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து மேஸ்திரியை விடுதலை செய்தார்கள்.

அப்புறம் ஊரே ஜட்ஜ் ஆனது. பஸ்ஸில் ஒருவர், “உதட்டைப் பார்த்து ஒரு மனுஷனை ஜெயிலுக்கு அனுப்ப முடியுமாய்யா? நாளைக்கு நான் கொட்டாவி விட்டாக்கூடக் கேஸ் போடுவாங்க” என்றார். பக்கத்து சீட்காரர், “எல்லாம் வாங்கியாச்சு, ஜட்ஜையும் சேர்த்து” என்றார். இருவரும் வழக்கின் ஒரு வரிகூடப் படித்தவர்களில்லை. டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து விவாதித்தார்கள். கோர்ட் வாசலில் மைக்செட்டின் வாய் அசைவதைத் திரும்பத் திரும்பக் காட்டி, என்ன சொல்லியிருப்பார் என்று பந்தயம் மாதிரி யூகித்தார்கள். அவள் ஆட்டோக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒருவர் அவளைப் பொய்சாட்சி தயாரிக்கும் பெண் என்றார், இன்னொருவர் வீரத்தாய் என்றார். எனக்கு இரண்டு பேரையும் அறையலாம் போலிருந்தது. தீர்ப்பில் எனக்குக் குறையில்லை. முன்னால் வைத்ததைப் பார்த்துத்தானே அந்த மனுஷர் சொல்ல முடியும்? சந்தேகம் இருந்தது, விட்டார். அந்தச் சந்தேகத்தைக் கொண்டுவந்து கொட்டியது யார் என்று மட்டும் எந்த வாயும் கேட்கவில்லை.

வீட்டிலும் அவளுக்கு ஆதரவில்லை. பெயின்ட் வேலை செய்யும் புருஷன் நல்லவன்தான், வாயில்லாப் பூச்சி. அன்றைக்கு மட்டும் வாய் வந்தது. “தங்கச்சி பாவம்டி. பிள்ளைகுட்டிக்காரி. என்ன பண்ணுவா?” என்றான்.

“பயந்தா வாயை மூடிக்கட்டும். புரியலன்னு ஏன் சொல்லணும்? நான் சொல்லிக்கொடுத்தேன்னு ஏன் சொல்லணும்?” என்றாள் மைக்செட். அதை நான் என் சமையலறையிலிருந்து கேட்டேன். அவன் குளிக்கப் போய்விட்டான். ஃபிட்டரின் மனைவி பிறகு வரவே இல்லை. எதிரில் பார்த்தபோது சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டாளாம்.

மைக்செட் வேலைக்குப் போனாள். போகாமல் எப்படி முடியும்? ஷெட்டில் அவள் கண்டதுதான் கொடுமை. தறி ஓடத் தொடங்கியதும் வரிசை வரிசையாக உதடுகள் திறந்தன. தீர்ப்பு சரியா தப்பா என்று பட்டிமன்றமே நடந்தது, உதட்டால். இப்படி ஒரு பேச்சே கிடையாது என்று கோர்ட் எழுதி முத்திரை குத்திய அதே பேச்சில். “இவளுக்கு எதுக்கு இந்த வேலை?” என்று ஒருத்தி கேட்டதை மைக்செட் படித்தாள். “நாத்தனாரை மாட்டிவிடப் பார்த்தா” என்று இன்னொருத்தி சொன்னதையும் படித்தாள். கண்ணை மூடிக்கொண்டால்தான் காது பொத்திக்கொண்ட மாதிரி. தறி முன்னால் கண்ணை மூட முடியுமா?

நாத்தனார் மட்டும் பேசவில்லை. எதிர்த் தறியில் தலை நிமிராமல் நின்றாள்.

மதியத்துக்கு முன்னால் மேஸ்திரி வந்தான். விடுதலையான பிறகு முதல் நாள். முதுகில் தட்டினார்கள், கை குலுக்கினார்கள். நடைபாதை வழியே நடந்து வந்தவன் மைக்செட்டின் தறிக்கு நேராக நின்றான். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்துதான் நின்றான். வாயை நன்றாக அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, சத்தமில்லாமல் சொன்னான்:

“ஆமா. கூப்பிட்டேன். என்ன பண்ணுவே?”

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். மைக்செட் நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தாள். அவளும் பார்த்திருந்தாள், முகத்தில் ரத்தமில்லை. “பார்த்தியா?” என்று உதட்டால் கேட்டாள் மைக்செட். நாத்தனார் குனிந்து நூலை முடிபோடத் தொடங்கினாள். அந்த வரிசையில் அத்தனை பெண்களுக்கும் அந்த நேரம் பார்த்து நூல் அறுந்திருந்தது.

மைக்செட் தறியை நிறுத்தினாள். நடைபாதையைத் தாண்டிப் போய், நாத்தனாரின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே கைகழுவும் இடத்துக்கு வந்தாள். அங்கே சத்தம் குறைவு. தன் பெருங்குரலில் கேட்டாள்: “பார்த்தியா இல்லையா? இப்ப வாயால சொல்லு.”

நாத்தனார் அழுதுவிட்டாள். “என்மேல கோவம்னா அடிச்சிடு அண்ணி. கன்னம் பழுக்க அடி. அதை மட்டும் கேக்காதே.”

கன்னத்தை நீட்டிக்கொண்டு நின்றாளாம். மைக்செட் கையை ஓங்கியிருக்கிறாள். ஓங்கிய கையைக் கீழே போட்டுவிட்டு, குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டு திரும்பிப் போய்த் தறியைப் போட்டாள். இப்போது தறி மாற்றிக் கேட்டு ஷெட்டின் மறுகோடியில் சுவரைப் பார்த்து நிற்கிறாள். வீட்டில் விசேஷம் என்றால் நாத்தனார் வருகிறாள், இவள் சாப்பாடு போடுகிறாள், பேச்சு மட்டும் இல்லை.

“அடிச்சாவது தொலைச்சிருக்கலாமே. உனக்கும் ஆறியிருக்கும்” என்று நான் ஒருநாள் சொன்னேன்.

“எனக்கு ஆறியிருக்கும். அவளுக்கும் ஆறியிருக்கும்” என்றாள் மைக்செட். வாழ்நாளில் முதல்முறையாக எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள். “அவளுக்கு எதுக்கு ஆறணும்?”